கொக்கியை எங்கே மாட்டுவது? – வாசகர் கேள்வி பதில்

உயரத்தில் நின்று செய்யும் வேலைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தும் (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வாசகர்கள் சிலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலான கேள்விகள், தவறி விழுகிறவரைத் தாங்குவதற்காக உடம்பில் மாட்டிக்கொள்ளும் பட்டைகளான ஹார்னஸைப் பற்றியவை. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். அனுப்பியவர்களின் பெயர்களை அவர்களது வேலையிடம் கருதி வெளியிடவில்லை.

கேள்வி: செம்பனை ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரமுள்ள மேடையில் நின்று கன்வேயரைப் பழுதுபார்க்க வேண்டியிருக்கும். எல்லாரும் ஹார்னஸ் போட்டுக்கொண்டு, இரண்டு மீட்டர் லேன்யார்டின் (ஹார்னஸோடு இணைந்த கயிற்றின்) கொக்கியைக் காலடியில் ஓடும் குழாயில் மாட்டிக்கொள்வோம். சூப்பர்வைசரும் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றுதான் சொல்கிறார். இது போதுமா ஐயா?

பதில்: போதாது. நீங்கள் சொல்லும் அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டால், விழுகிறவர் தரையில் மோதித்தான் நிற்பார்.

ஹார்னஸின் முதுகுப்புறத்தில், இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ள டி வளையம், நிற்பவரின் பாதத்திலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கொக்கி காலடியில் இருக்கிறது. ஆள் தவறி விழுந்தால், முதலில் அந்த ஒன்றரை மீட்டர், பிறகு லேன்யார்டின் முழு நீளமான இரண்டு மீட்டர், ஆக மொத்தம் மூன்றரை மீட்டர் விழுந்த பிறகே கயிறு விறைக்கும். அந்த நேரத்தில் அவருடைய வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் இருக்கும்; பாதத்துக்கும் தரைக்கும் இடையே மிச்சமிருப்பது அரை மீட்டர். லேன்யார்டில் பை போலத் தைத்து வைத்திருக்கும் அதிர்வு தாங்கி அப்போதுதான் தையல் பிரிந்து விரியத் தொடங்கும். அது முழுமையாக விரிய 1.75 மீட்டர் வரை தேவைப்படலாம். அரை மீட்டருக்குள் அது தன் வேலையை முடிக்க வழியே இல்லை.

ஆகவே உயரத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒரு கூட்டல் கணக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். லேன்யார்ட் 2 மீட்டர், அதிர்வு தாங்கி விரிவது 1.75 மீட்டர், வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், அதற்கும் கீழே கைவசம் இருக்க வேண்டிய இடைவெளி 1 மீட்டர்: கூட்டினால் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்திலிருந்து கீழே இவ்வளவு தூரத்துக்கு எந்த இயந்திரமும், பீமும், தரையும் குறுக்கே வரக்கூடாது. உங்கள் லேன்யார்டின் லேபிளிலோ கையேட்டிலோ அதற்குரிய தூரம் தனியே குறிப்பிடப்பட்டிருக்கும். குறிப்பிட்டிருந்தால் அதையே கொள்ளுங்கள்.

அதே கொக்கியைத் தலைக்கு மேலே உறுதியான பீமில் மாட்டினால் நிலைமை வெகுவாக மாறும். ஏனெனில், கயிறு விறைப்பதற்கு முன் விழும் தூரம் மூன்றரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்ற அளவுக்குக் குறைந்துவிடும். உடம்பில் விழும் அதிர்ச்சியும் அதற்கேற்பக் குறையும். நான்கு மீட்டர் மேடைக்கு அதுவும் நெருக்கடியான கணக்குதான் என்பதால், தானே இழுத்துக்கொண்டு சட்டென்று பூட்டிக்கொள்ளும் சுருள் வகைக் கருவியைத் தலைக்கு மேல் தொங்கவிடுமாறு நிர்வாகத்தைக் கேளுங்கள். இன்னும் நல்லது, மேடைக்கே முறையான கைப்பிடி வேலி போட்டுவிடுவது. அடிக்கடி பழுதுபார்க்கும் இடத்தில் வேலி போடாமல் ஒவ்வொரு முறையும் ஆளுக்கு ஹார்னஸ் மாட்டிவிடுவது எனக்கு ஒருபோதும் சரியான ஏற்பாடாகத் தோன்றியதில்லை.

அடுத்தது அந்தக் குழாய். கண்ணுக்குத் தடிமனாகத் தெரிவதெல்லாம் ஆளைத் தாங்கும் என்று நம்ப முடியாது. ஐரோப்பியத் தரப்படி, அதிர்வு தாங்கி தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்போதே 6 கிலோநியூட்டன் வரை இழுவிசை வரலாம். அதாவது ஏறத்தாழ 600 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு ஒப்பானது. அதனால்தான் கொக்கி மாட்டும் இடம் குறைந்தது 12 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நீராவிக் குழாயும், மின்கம்பி செல்லும் குழாயும், கேபிள் தட்டும், ஆணி கழன்று ஆடும் பழைய கைப்பிடியும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எந்தெந்த இடத்தில் மாட்டலாம் என்பதைப் பொறியாளர் பார்த்து முடிவு செய்து, அங்கே வண்ணம் பூசி அடையாளம் வைக்க வேண்டும். அது தொழிலாளி ஏறிய பிறகு தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சங்கதி அல்ல.

இன்னொன்று. பக்கவாட்டில் தள்ளி மாட்டிவிட்டு நெடுந்தூரம் நடந்து போனால், விழும்போது நேராக விழாமல் ஊஞ்சல் போல வீசிச் சென்று தூணில் மோத நேரும். வேலை நகர நகரக் கொக்கியும் நகர வேண்டும். அதற்காகத்தான் இரட்டைக் கொக்கி லேன்யார்ட்: ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுவது. ஆனால் சும்மா இருக்கும் கொக்கியைப் பலர் ஹார்னஸின் இடுப்பு வளையத்தில் மாட்டி வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் விழும்போது இழுவிசை அதிர்வு தாங்கியைத் தாண்டி நேராக உடம்புக்கு வந்துவிடக்கூடும். அதற்கென்று நெஞ்சுப் பட்டையில், இழுத்தால் விட்டுக்கொடுக்கும் சிறு பிடி வைத்திருப்பார்கள். அதில் மட்டுமே மாட்டுங்கள்.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக இருக்கிறேன். ஹார்னஸ்களை அமில டிரம்கள் இருக்கும் அறையிலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். பார்வைக்குப் புதிது போலத்தான் இருக்கின்றன. எத்தனை ஆண்டுகள் பயன்படுத்தலாம்? பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் இன்றைக்கே அவற்றை அந்த அறையிலிருந்து வெளியே எடுங்கள். ஆண்டுக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹார்னஸின் நாடாக்கள் பெரும்பாலும் பாலியஸ்டரிலும் சில நைலானிலும் நெய்யப்படுகின்றன. பாலை உறைய வைக்க நீங்கள் பயன்படுத்தும் ஃபார்மிக் அமிலம் நைலானுக்குப் பரம விரோதி. துணிப் பரிசோதனைக் கூடங்களில் ஓர் இழை நைலானா பாலியஸ்டரா என்று பிரித்தறிவதற்கே 80 விழுக்காட்டு ஃபார்மிக் அமிலத்தைப் பயன்படுத்துகிறார்கள். நைலான் கரைந்துவிடும், பாலியஸ்டர் கரையாமல் நிற்கும். டிரம்மில் உங்களுக்கு வருவதும் அதுபோன்ற செறிவான சரக்குதான். ஒரு சொட்டுத் தெறித்துக் காய்ந்துவிட்டால் வெளியே மங்கலான கறை மட்டுமே தெரியும். நாடாவோ பலமிழந்து போயிருக்கும். பாலியஸ்டர் என்றால் கவலையில்லை என்றும் இருந்துவிட முடியாது. ஈர சிமெண்டும், கொதிகலன் தண்ணீரில் கலக்கும் காஸ்டிக் சோடாவும் காரத்தன்மை உள்ளவை. அவை பாலியஸ்டரை அரிக்கும். எந்த இழை என்பது லேபிளில் இருக்கும். இழை எதுவாயினும் அமிலம், பூச்சிமருந்து, களைக்கொல்லி, பெட்ரோல் எதுவும் இல்லாத, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் மாட்டி வையுங்கள். ஆணி வேண்டாம், அகலமான மரக்கட்டையோ பிளாஸ்டிக் கொக்கியோ இருந்தால் நாடாவின் மடிப்பில் அழுத்தம் விழாது.

பழுது பார்ப்பதற்குக் கண்ணோடு விரலும் வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கைகளாலும் பிடித்து, நடுப்பகுதி மேலே எழும்பும்படி வளையுங்கள். நேராக இருக்கும்போது மறைந்திருக்கும் வெட்டும், அறுந்த இழையும் வளைவின் முதுகில் வாய் திறந்து காட்டும். இப்படியே சாண் சாணாக, இரண்டு பக்கமும், ஓரங்களையும் சேர்த்து முழு நீளத்துக்கும் நகர்ந்து செல்லுங்கள். வெல்டிங் பொறி விழுந்த இடம் கறுத்து, உருகி, நகம் பட்டால் கண்ணாடி போலக் கடினமாக இருக்கும். அமிலம் பட்ட இடம் நிறம் வெளுத்து, மொடமொடவென்றோ, தேய்த்தால் பொடியாக உதிரும்படியோ இருக்கும். வெயிலில் பல காலம் கிடந்தது பஞ்சு போல முளைவிட்டு வெளிறியிருக்கும். பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவே முடியாது. அதுவும் ஒதுக்கப்பட வேண்டியதே.

தையல்களைப் பெரும்பாலும் நாடாவின் நிறத்துக்கு மாறான நிறத்தில் போட்டிருப்பதன் காரணம், ஒரு நூல் அறுந்தாலும் சட்டென்று கண்ணில் படட்டும் என்பதுதான். டி வளையம் கோணியிருக்கிறதா, துருவேறிக் குழி விழுந்திருக்கிறதா, கொக்கியின் வாய் கையை எடுத்ததும் தானே மூடிப் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். பல வகை ஹார்னஸ்களில் தோள் நாடாவை மடித்துச் சிறு தையல் போட்டிருப்பார்கள். அந்த மடிப்பு பிரிந்திருந்தால் அது ஏற்கெனவே ஒருவரைத் தாங்கியிருக்கிறது என்று பொருள். அதிர்வு தாங்கியின் உறை கிழிந்திருந்தாலும், லேபிள் படிக்க முடியாமல் அழிந்துபோயிருந்தாலும் அந்தப் பொருளைத் திரும்பவும் ஆணியில் மாட்டாதீர்கள்.

ஆயுளைப் பொறுத்தவரை, தயாரிப்பாளர் பலர் உற்பத்தித் தேதியிலிருந்து பத்து ஆண்டு வரை என்றும், சிலர் அதற்கும் குறைவாகவும் சொல்கிறார்கள். அது மேல் வரம்பு மட்டுமே. ஆலையில் தினம் புழங்குவது இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கழிக்கப்பட வேண்டிய நிலைக்கு வரலாம். அணிபவர் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அது போக, தகுதி பெற்ற ஒருவர் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது முறைப்படி சோதித்து எழுதி வைக்க வேண்டும். நீங்கள் கிராணியாக இருப்பதால் உங்களுக்கு எளிது: ஒவ்வொன்றின் வரிசை எண்ணுக்கும் ஓர் அட்டை போட்டு, வாங்கிய நாள், சோதித்த நாள், யார் எடுத்துச் சென்றார் என்று பதிந்து வாருங்கள். எண்ணையோ பெயரையோ நாடாவின் மேல் மார்க்கர் பேனாவால் எழுத வேண்டாம். அந்த மையும் சில இழைகளைக் கெடுக்கும்.

கேள்வி: என் கணவரின் ஹார்னஸ் கிரீஸும் சேறுமாக வீட்டுக்கு வருகிறது. வாஷிங் மெஷினில் போட்டு, கொஞ்சம் குளோராக்ஸ் (வெளுக்கும் திரவம்) ஊற்றித் துவைக்கலாமா?

பதில்: குளோராக்ஸ் கூடவே கூடாது அம்மா. வெதுவெதுப்பான தண்ணீரில், 40 பாகைக்கு மேல் போகாமல், மிதமான சோப்பைக் கரைத்து மென்மையான பிரஷ்ஷால் கையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். பிழிய வேண்டாம். நிழலில் தொங்கவிட்டுத் தானாகக் காய விடுங்கள். கொடியில் வெயிலில் போடுவதும், டிரையரில் போடுவதும், மோட்டார் கழுவும் தண்ணீர்ப் பீச்சியால் அடிப்பதும் வேண்டாம். கிரீஸ் போகவில்லை என்று மண்ணெண்ணெயோ தின்னரோ தொடாதீர்கள். சோப்புக்குப் போகாத கறையோடு ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும். உண்மையில் இது ஆலை செய்ய வேண்டிய வேலை, உங்களுடையது அல்ல.

கேள்வி: எங்கள் கோயிலில் கும்பாபிஷேகத்துக்கு முன் கோபுரத்துக்கு வண்ணம் பூசுகிறோம். வேலையாட்களுக்கு நிர்வாகமே புது ஹார்னஸ் வாங்கிக் கொடுத்துவிட்டது. இனி எங்கள் பொறுப்பு முடிந்ததா?

பதில்: வாங்கிக் கொடுத்தது நல்ல காரியம், ஆனால் பொறுப்பு அதோடு முடியவில்லை. உங்களைப் போன்ற கோயில் கமிட்டிகள் பல இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன.

கோபுரத்தில் வண்ணம் பூசுகிறவர் கொக்கியை எதில் மாட்டுவார் என்று ஒரு நாள் கீழே நின்று பாருங்கள். சிலையின் கையிலோ யாளியின் கழுத்திலோ மாட்டுவார். இல்லாவிட்டால் தான் நிற்கும் சாரத்தின் குறுக்குக் குழாயில் மாட்டுவார். சுதைச் சிற்பம் செங்கல்லும் சாந்துமாகக் கட்டியது. பழைய கோபுரமானால் உள்ளே இருக்கும் கம்பியும் துருவேறிப் போயிருக்கும். சாரமோ, அதை வடிவமைத்தவர் இன்ன இடத்தில் மாட்டலாம் என்று எழுதிக் கொடுத்தாலன்றி, விழும் ஆளின் இழுவிசையைத் தாங்கும் என்று கொள்ள முடியாது. ஒருவர் விழுவதோடு நில்லாமல் சாரமே சாய்ந்து மற்றவர்களையும் தள்ளிவிடலாம்.

ஆகையால் பணத்தை முதலில் சாரத்துக்குச் செலவிடுங்கள். தகுதிச் சான்றிதழ் பெற்ற சாரம் கட்டுபவரைக் கொண்டு, நிற்குமிடம் முழுவதும் பலகை நிரப்பி, வெளிப்புறத்தில் இரண்டு அடுக்குக் கைப்பிடியும் காலடியில் தடுப்புப் பலகையும் வைத்துக் கட்டிவிட்டால், வேலையாள் ஹார்னஸை நம்பியிருக்க வேண்டிய நேரம் மிகவும் குறைந்துவிடும். கோபுரத்தின் உச்சிக்குப் பொறியாளர் காட்டும் கட்டுமானப் பகுதியிலிருந்து ஒரு செங்குத்துப் பாதுகாப்புக் கயிற்றை இறக்கி, அதில் ஓடிப் பூட்டும் பிடியோடு ஒவ்வொருவரையும் இணைக்கலாம். கயிறு கூர்மையான விளிம்பில் உரசும் இடங்களில் உறை போடுங்கள். கும்பாபிஷேகத் தேதி குறித்துவிட்டோம், நாள் இல்லை என்று இரவில் விளக்குப் போட்டு ஏற்றுவதையும், மழை விட்ட கையோடு ஈரச் சாரத்தில் ஏற்றுவதையும் தவிர்த்துவிடுங்கள். சட்டப்படியும், வேலையைக் குத்தகைக்குக் கொடுத்து அதை மேற்பார்வை செய்கிறவருக்குக் கடமை உண்டு. 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அதைத் தெளிவாகவே சொல்கிறது.

கேள்வி: கண்டிராக்டர் ஹார்னஸுக்கென்று சம்பளத்தில் பிடித்தம் செய்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, சட்டப்படி செய்து கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்கிறது. உள்ளூர்க்காரர், வெளிநாட்டுத் தொழிலாளர் என்ற பேதம் அதில் இல்லை. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் மாநில அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த ஹார்னஸை அணிய வேண்டிய கடமை உங்களுக்கும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: விழுந்து ஹார்னஸில் தொங்குகிறவர் பிழைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம்? பொம்பாவை (தீயணைப்புப் படையை) அழைத்தால் வந்து இறக்கிவிட மாட்டார்களா?

பதில்: 999-ஐ உடனே அழைக்க வேண்டியதுதான், ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதையைக் கடந்து தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை அவரைத் தொங்கவிட்டுக் காத்திருக்க முடியாது. அசைவின்றித் தொங்கும்போது தொடைப் பட்டைகள் இறுக்கி, கால்களில் இரத்தம் தேங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைகிறது. மயக்கம் சில நிமிடங்களிலேயே வரலாம். தொடர்ந்து தொங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே ஆளை ஏற்றுவதற்கு முன்பே, விழுந்தால் யார், எந்த ஏணியால் அல்லது எந்தக் கருவியால் இறக்குவது என்று முடிவாகியிருக்க வேண்டும். தனியாக ஒருவரை ஒருபோதும் ஏற்றக்கூடாது.

நினைவோடு தொங்குகிறவர் கால்களை இடைவிடாமல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். எட்டினால் எதிலாவது பாதத்தை ஊன்றி எழும்ப முயல வேண்டும். ஹார்னஸின் பக்கத்தில் சிறு பையில் மடித்து வைத்த மிதி நாடா இருந்தால் அதை இறக்கி அதன்மேல் நின்றுகொள்ளலாம். இறக்கிய பிறகு படுக்க வைக்கக்கூடாது, உட்கார்த்தியே வைக்க வேண்டும் என்று முன்பு சில பயிற்சிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் மருத்துவச் சான்றுகளை ஆராய்ந்து அந்த அறிவுரையைக் கைவிட்டுவிட்டது. வழக்கமான முதலுதவிதான்: மயக்கத்தில் இருப்பவரைப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்து, காயம் இல்லாதவர் போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: மரம் வெட்டும் வேலைக்கு இடுப்பு பெல்ட் போதாதா? ஹார்னஸ் போட்டால் தொடையில் உறுத்துகிறது, வெயிலில் வெந்துபோகிறது.

பதில்: இடுப்பு பெல்ட் நீங்கள் நின்றபடி சாய்ந்து இரண்டு கைகளாலும் வேலை செய்வதற்கு உதவும், விழும்போது தாங்குவதற்கு அல்ல. விழுகிறவரின் முழு வேகத்தையும் வயிற்றில் ஒரே பட்டையாக இறுக்கி நிறுத்தும்போது குடலும் ஈரலும் முதுகெலும்பும் சேதமாகும். தலைகீழாகி பெல்ட்டிலிருந்து நழுவிவிடவும் கூடும். அமெரிக்காவில் 1998 தொடக்கத்திலிருந்தே கட்டுமான வேலைகளில் விழுவதைத் தடுக்க இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்துவதைத் தடை செய்துவிட்டார்கள். தம்பி, உறுத்துகிறது என்றால் அளவு தவறாக இருக்கலாம். தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைய வேண்டும், மூடிய முஷ்டி நுழையக்கூடாது. நெஞ்சுப் பட்டை நடு மார்பில் இருக்க வேண்டும், கழுத்துக்கு ஏறிவிடக்கூடாது. வெயிலுக்காகத் தொடைப் பட்டையைத் தளர்த்தித் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் இடுப்பு பெல்ட்டோடு ஏறுகிறவர்களைவிடப் பாதுகாப்பாக இல்லை.

கேள்வி: லயத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகுகிறது. ஹார்னஸ் இரவல் வாங்கி ஏறலாமா?

பதில்: ஏற வேண்டாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஆள் எடையைத் தாங்காமல் சட்டென்று உடையும். லயத்துக் கூரையில் கொக்கி மாட்ட இடமும் இருக்காது, கீழே 6 மீட்டர் இடைவெளியும் இருக்காது. உடையும் தகட்டின் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, உரிய ஆட்களைக் கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: என் நண்பர் விழுந்தபோது ஹார்னஸ் அவரைக் காப்பாற்றியது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. தூக்கிப் போட மனம் வரவில்லை.

பதில்: ஒரு முறை ஆளைத் தாங்கிய ஹார்னஸையும் லேன்யார்டையும் திரும்பப் பயன்படுத்தக்கூடாது; இழைக்குள்ளே ஏற்பட்ட பலவீனம் கண்ணுக்குத் தெரியாது. விபத்தைப் பற்றிய விசாரணை முடியும்வரை, தேதி எழுதிய சீட்டுக் கட்டித் தனியே பூட்டி வையுங்கள். அதன்பின் கத்திரியால் தோள் பட்டை, தொடைப் பட்டை எல்லாவற்றையும் பல துண்டுகளாக வெட்டி, லேபிளையும் கிழித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்துக் கழுவி, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்றுவிடுவார்கள்.